ஸ்வான்சீ பக்கம் பசங்களுக்கு ஃபுட்பால் கோச்சிங்: ஒரு வருஷம் போய்ட்டு வந்த அம்மாவோட ரிவ்யூ

வேல்ஸ்ல ஸ்வான்சீ, நீத், போர்ட் டால்பட் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க குரூப்ல மாசத்துக்கு ஒருத்தராவது கேக்கறாங்க, பசங்கள ஃபுட்பால்ல சேக்கணும் எங்க நல்லாருக்குன்னு, நானும் ஒவ்வொரு தடவையும் ஃபோன்ல வளவளன்னு டைப் பண்ணி அனுப்பிட்டே இருக்கேன், அதான் இந்த தடவை ஒரே இடத்துல முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. இது ஒரு தனி மனுஷர் சனிக்கிழமை காலைல நடத்துற சின்ன கிளாஸ், கம்பெனி கிடையாது, அதனால அவர் பேரு நம்பர்லாம் இங்க போடல, வேணும்ங்கறவங்க எனக்கு மெசேஜ் பண்ணுங்க, அவர்கிட்ட கேட்டுட்டு தரேன்.

எங்க பொண்ணுக்கு இப்ப பத்து வயசு. எட்டு வயசுல ஆரம்பிச்சது இந்த ஃபுட்பால் பைத்தியம். முதல்ல ஒரு பெரிய அகாடமில சேத்தோம், அதோட பேரு வேணாம். கிட் மட்டும் 80 பவுண்டுக்கு மேல ஆச்சு, பேக், ஜாக்கெட், சாக்ஸ் எல்லாத்துலயும் அவங்க லோகோ இருந்தாகணும், வெப்சைட்ட திறந்தா ப்ரொஃபஷனல் ஆகறதுக்கான பாதைன்னு பெருசா போட்டிருப்பாங்க. ஒரு க்ரூப்ல 28 பசங்க, ஒரே ஒரு கோச். பொண்ணு பந்த தொட்ட நேரத்த ஒரு நாள் நான் வாட்ச் வெச்சு பாத்தேன், ஒரு மணி நேரத்துல மொத்தமா நாலஞ்சு நிமிஷம் தான் இருக்கும், மிச்ச நேரம் லைன்ல நின்னுட்டு இருந்தா. ஏழு மாசம் கழிச்சு செலக்‌ஷன் வெச்சாங்க. அதுக்கு வந்த ஈமெயில்ல ரெண்டே வரி, இந்த தடவை உங்க குழந்தைக்கு இடம் தர முடியல, ஆர்வத்துக்கு நன்றின்னு. பொண்ணோட பேர்ல கூட ஸ்பெல்லிங் தப்பு. அன்னைக்கு ராத்திரி அவ பூட்ஸ எடுத்து படிக்கட்டுக்கு கீழ இருக்கற கப்போர்ட்ல போட்டு கதவ சாத்துனா, அதுக்கப்புறம் மூணு மாசம் அந்த கப்போர்ட் பக்கமே போகல. ஒன்பது வயசு கூட ஆகாத புள்ள அது.

அப்புறம் எங்க வீட்டுக்காரர் கூட ஆஸ்பத்திரில வேலை பாக்கற ஒரு நர்ஸ் சொல்லி தான் இந்த கோச் கிட்ட போனோம். போன வருஷம் செப்டம்பர்ல முதல் சனிக்கிழமை, ஸ்கூல் ஒண்ணுல வாடகைக்கு எடுத்த த்ரீ ஜி பிட்ச் (செயற்கை புல் போட்ட மைதானம்), மழை (ஸ்வான்சீல இருக்கோம்ல, வேற என்ன). ஒரு அம்பது வயசு தாண்டுன மனுஷர், இடது முட்டில பட்டை கட்டி, பந்து பைய தோள்ல போட்டுட்டு லேசா தாங்கி தாங்கி நடந்து வந்தார். பொண்ணு என் கோட்ட பிடிச்சுட்டு பின்னாடி நின்னா. அவர் வந்து குனியல, நேரா அந்த ஈரத்துலயே முட்டி போட்டு உக்காந்தார். உக்காரும்போது அந்த முட்டி வலிச்சது முகத்துல தெரிஞ்சது. "விளையாட வேணாம்மா, எனக்கு கோன் வைக்க ஆள் இல்ல, குட்டிப் பசங்க பத்து நிமிஷத்துல வந்துருவாங்க, நீ வெச்சு தர்றியா?"னு கேட்டார். அவ்ளோ தான். அவ போய் கோன் வெச்சா. கோணலா வெச்சா, அவர் சரி பண்ணல, "நீ வெச்ச மாதிரியே விளையாடுவோம்"னு சொல்லிட்டார். மூணு வாரம் கோன் மட்டும் வெச்சா. நாலாவது வாரம் அவளே கப்போர்ட்ட திறந்து பூட்ஸ எடுத்து, காலு சின்னதாயிடுச்சும்மா பத்தல, வேற வாங்கணும்னு வந்து நின்னா.

இவர் யாருன்னு எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா, பசங்கள கூட்டிட்டு போக லேட் ஆகற நாள்ல கார் பார்க்ல நின்னு பேசும்போது தெரிஞ்சது தான். ரோண்டா பள்ளத்தாக்குல ஒரு சுரங்க ஊர்ல பொறந்தவர். எட்டு வயசுல அவங்கப்பா ஸ்வான்சீ சிட்டி கிளப்போட பழைய மைதானம் வெட்ச் ஃபீல்டுக்கு கூட்டிட்டு போயிருக்கார், 1981 ஆகஸ்ட் 29, ஸ்வான்சீ சிட்டி முதல் முதலா முதல் டிவிஷன்ல (அப்ப இங்கிலீஷ் லீக்ல அது தான் உச்சி) ஆடுன மேட்ச், லீட்ஸ 5-1 னு அடிச்சாங்க. பாப் லாட்ச்ஃபோர்ட் மூணு கோல், ஆலன் கர்டிஸ் ஒண்ணு. ஜான் டோஷாக் மேனேஜர் ஆகி வந்தப்ப அந்த டீம் நாலாவது டிவிஷன்ல கெடந்தது, மூணே நாலு வருஷத்துல மேல வந்துட்டாங்க, அந்த சீசன் முடியும்போது மொத்த இங்கிலீஷ் லீக்லயே ஆறாவது இடம். இத சொல்லும்போது அவர் குரல் மாறிடும். வெட்ச் ஃபீல்ட் இப்ப இல்ல, 2005ல மூடிட்டாங்க, அந்த எடத்துல இப்ப ஊர்க்காரங்க காய்கறி போட்டு வளக்கறாங்க, கடற்கரை ரோட்ல இருந்து உள்ள நடந்தா பாக்கலாம். அவர் ஒரு தடவை அங்க பசங்கள கூட்டிட்டு போய், சென்டர் சர்க்கிள் எங்க இருந்திருக்கும்னு காலடி எண்ணி காமிச்சாராம். பொண்ணு வீட்டுக்கு வந்து, அங்க இப்ப வெங்காயம் இருக்கும்மான்னா.

ஆலன் கர்டிஸ் பத்தி இங்க சொல்லியே ஆகணும், ஏன்னா கோச் மனசுல அளவுகோல் அவர் தான். கர்டிஸும் ரோண்டாக்காரர். 1972ல ஸ்வான்சீக்கு ஆட ஆரம்பிச்சு, 1979ல லீட்ஸ் பெரிய காசு குடுத்து வாங்கிட்டு போனாங்க, அங்க சரிப்படல, 1980 முடியறப்ப திரும்ப வந்துட்டார், வந்து மறு வருஷம் அதே லீட்ஸுக்கு எதிரா தான் மேல சொன்ன கோல். வேல்ஸுக்கு 35 மேட்ச். ஆனா கோச் சொல்றது அதுக்கப்புறம் நடந்தத. ஆட்டத்த நிறுத்துனதுக்கு அப்புறம் கர்டிஸ் அதே கிளப்ல சின்னப் பசங்களுக்கு கோச்சிங், ஊருக்குள்ள ஸ்கூல் ஸ்கூலா போற வேலை, முதல் டீம் கோச்னு எல்லா நாற்காலிலயும் உக்காந்திருக்கார், 2015 டிசம்பர்ல மேனேஜர் இல்லாம போனப்ப ப்ரீமியர் லீக் டீமயே கொஞ்ச நாள் தாங்கிப் பிடிச்சார். "பேரு வாங்குனவன் வெளிச்சத்த விட்டுட்டு எட்டு வயசுப் பையனோட லேஸ் கட்டிட்டு இருந்தான் பாரு, அது தான் எனக்கு ஃபுட்பால்"னு கோச் சொன்னார். நான் அத ஃபோன்ல எழுதி வெச்சுட்டேன்.

இவரோட கதை அந்த மாதிரி வெளிச்சமா இல்ல. 1989ல பதினாறு வயசுல தெற்கு வேல்ஸ்ல ஒரு லீக் கிளப்ல பயிற்சி ஆட்டக்காரரா சேந்தார், அரசாங்கத்தோட யூத் ட்ரெயினிங் ஸ்கீம், வாரத்துக்கு 29 பவுண்டு 50 பென்ஸ். காலைல சீனியர் ஆளுங்களோட பூட்ஸ தொடைக்கணும், மேட்ச் முடிஞ்சதும் கேலரிய பெருக்கணும், நடுவுல பயிற்சி. ரெண்டு வருஷம். பதினெட்டு வயசுல மேனேஜர் ரூமுக்கு கூப்ட்டு, உனக்கு கான்ட்ராக்ட் இல்லன்னு சொன்னாங்க, உள்ள போய் வெளிய வர நாலு நிமிஷம் ஆச்சாம். பஸ்ல போனா சீக்கிரம் வீடு வந்துடும், அப்பா முகத்த பாக்கணும்னு, அவ்ளோ தூரமும் நடந்தே போயிருக்கார். அடுத்த வருஷம் 1992ல லீக் ஆஃப் வேல்ஸ் ஆரம்பிச்சாங்க (இப்ப கம்ரி ப்ரீமியர்னு சொல்றது), அதுல பார்ட் டைமா பதினோரு வருஷம் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்க டிஃபென்ஸ். பகல்ல போர்ட் டால்பட் ஸ்டீல் ஆலைல ஷிஃப்ட், வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி பயிற்சி, சனிக்கிழமை மேட்ச். சில நாள் நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா பஸ் ஏறி வடக்கு வேல்ஸ் வரைக்கும் போயிட்டு வந்திருக்கார், அந்த மலை ரோட்ல நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். முட்டி போச்சு. அதுக்கப்புறம் தான் கோச்சிங் படிப்பு. ஆலை வேலைல வர்ற லீவ சேத்து வெச்சு வேல்ஸ் ஃபுட்பால் சங்கத்தோட கோர்ஸ் ஒவ்வொண்ணா முடிச்சு, இப்ப யூஏஃபா (ஐரோப்பிய ஃபுட்பால் சங்கம்) பி கோச்சிங் லைசென்ஸ் வெச்சிருக்கார். இந்த சங்கத்தோட கோர்ஸுக்கு வெளியயும் நல்ல பேரு, ஃப்ரான்ஸுக்கு ஆடுன தியரி ஆன்றி, பேட்ரிக் வியேரா, ஆர்செனல் மேனேஜர் ஆர்டேட்டா எல்லாரும் கோச்சிங் படிச்சது வேல்ஸ்ல தான். 2024 செப்டம்பர்ல போர்ட் டால்பட் ஆலைல கடைசி பிளாஸ்ட் ஃபர்னஸ (இரும்பு உருக்கற உலை) நிறுத்துனாங்கல்ல, அதுக்கு முன்னாடி வருஷமே இவர் ரிட்டயர் ஆயிட்டார், அதுல இருந்து முழு நேரமும் பசங்க தான்.

சரி, கிளாஸ் எப்படி நடக்குதுன்னு சொல்றேன். 16 பசங்க, அதுக்கு மேல ஒருத்தர் கூட எடுக்க மாட்டார், கூட ஒரு இளம் அசிஸ்டன்ட் பொண்ணு. ஒண்ணே கால் மணி நேரம். லைன்ல நிக்கறதே கிடையாது, ஆளுக்கு ஒரு பந்து, வந்ததுல இருந்து காலுல பந்து இருந்துட்டே இருக்கும். முதல் இருபது நிமிஷம் ஏதோ விளையாட்டு மாதிரி தான் தெரியும், நான் கூட ஆரம்பத்துல என்னடா இது சும்மா ஓடிப் பிடிச்சு விளையாடறாங்களேன்னு நினைச்சேன். அப்புறம் கவனிச்சா, அந்த ஓடிப் பிடிக்கறதுல தலைய தூக்கி பாக்கறவங்க தான் ஜெயிக்க முடியற மாதிரி வெச்சிருக்கார். கடைசி அரை மணி நேரம் நாலுக்கு நாலு மேட்ச், சின்ன கோல், கோல் கீப்பர் கிடையாது.

அவர் திரும்பத் திரும்ப சொல்லித் தர்றது ஒண்ணு, பந்து வர்றதுக்கு முன்னாடி தோளுக்கு மேல திரும்பி பாக்கறது. பொண்ணுக்கு பின்னாடி அசிஸ்டன்ட் நின்னு விரல காட்டுவாங்க, மூணு விரலோ ரெண்டு விரலோ, கோச் முன்னாடில இருந்து பந்த தள்ளுவார், பந்து கால தொடறதுக்குள்ள அவ திரும்பி பாத்து எத்தனைன்னு கத்தணும். முதல் நாள் ஒண்ணு கூட சரியா வரல, பந்த பாத்தா விரல் தெரியல, விரல பாத்தா பந்து ஓடிடுது. ரெண்டு மாசம் கழிச்சு பாக்கறேன், அவ உடம்ப பாதி திருப்பி நிக்கறா, பந்து உருண்டு வர்ற அந்த ஒரு செகண்ட்ல கழுத்து மட்டும் படக்குனு போயிட்டு வருது, நாலுங்கறா, பந்து தூரமா இருக்கற காலுல நிக்குது. இப்ப ரோட் க்ராஸ் பண்ணும்போது கூட அதே மாதிரி தான் திரும்பறா.

இன்னொரு நாள் ராப்சன்-கானு டர்ன். 2016 யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கோப்பை) க்வார்ட்டர் ஃபைனல்ல வேல்ஸ் பெல்ஜியத்த 3-1 னு ஜெயிச்சாங்களே, அதுல ரெண்டாவது கோல். ராம்சி பந்து குடுக்க, ஹால் ராப்சன்-கானு கோலுக்கு முதுகு காட்டி நிக்கறார், பாஸ் குடுக்கப் போறவர் மாதிரி கால ஓங்கி பந்த தன் காலுக்குப் பின்னாடியே இழுத்துட்டு திரும்பிடுவார், பெல்ஜியம் ஆளுங்க மூணு பேரு வேற பக்கம் போயிடுவாங்க. கோச் இத மெதுவா, அஞ்சு துண்டா பிரிச்சு காமிச்சார். ஓங்கற கால் உண்மையிலயே அடிக்கப் போற மாதிரி இருக்கணும், தோளும் கையும் கூட பொய் சொல்லணும், கால் மட்டும் பொய் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னார். பசங்க எல்லாம் செஞ்சு பாத்து விழுந்து எழுந்ததுக்கு அப்புறம் உக்கார வெச்சு கேட்டார், அந்த கோல அடிச்ச அன்னைக்கு அவர் எந்த கிளப் ஆட்டக்காரர்னு. ஒரு பையன் ரெடிங்னான், ஒருத்தன் ஆர்செனல்னான். எந்த கிளப்பும் இல்ல. ரெடிங் கான்ட்ராக்ட் அப்ப தான் முடிஞ்சிருந்தது, அடுத்த கிளப் இன்னும் கிடைக்கல. அதுக்கும் முன்னாடி பதினஞ்சு வயசுல ஆர்செனல் அகாடமில இருந்து அனுப்பி விட்டவர் அவர். கோச் அதுக்கு மேல ஒரு வார்த்தை விளக்கம் சொல்லல, எழுந்திருங்க மேட்ச் ஆடலாம்னுட்டார். நான் வெளில கம்பி வேலிய பிடிச்சுட்டு நின்னுட்டு இருந்தேன், பொண்ணு திரும்பி என்ன பாத்தா.

இதனால தான் நான் இவ்ளோ எழுதறேன். ப்ரொஃபஷனல் ஆக்கிடறேன்னு இவர் யார் கிட்டயும் சொல்றதில்ல. ஒரு அப்பா நேரடியாவே கேட்டார், என் பையன் ஸ்வான்சீ அகாடமிக்கு போவானான்னு. "போகலாம், பெரும்பாலும் போக மாட்டான், ரெண்டுக்கும் அவன தயார் பண்றது என் வேலை"ன்னார். அந்த அப்பாக்கு கோவம் வந்துடுச்சு, ஆனா பையன் இன்னும் வர்றான். நல்லா ஆடற பசங்கள இவர் பிடிச்சு வெச்சுக்கறதும் இல்ல, ரெண்டு பேர ட்ரயலுக்கு அவரே ஃபோன் பண்ணி அனுப்புனார், அதுல ஒருத்தனுக்கு கிடைக்கல. அடுத்த சனிக்கிழமை அந்த பையன் வந்ததும் வழக்கம் போல பந்து பைய அவன் கைல குடுத்தார், எப்பவும் அவன் தான் தூக்கிட்டு வருவான், அன்னைக்கும் அவனே தூக்கிட்டு வந்தான். அம்மாவ மட்டும் தனியா கூப்ட்டு ரொம்ப நேரம் பேசினார், ட்ரயல்ல என்ன பாத்தாங்க, எது இன்னும் வரணும்னு.

பொண்ணுங்கள எப்படி நடத்தறார்னு நிறைய பேரு கேட்டீங்க. 16ல அஞ்சு பேரு பொண்ணுங்க, தனி க்ரூப் கிடையாது, கலந்து தான் ஆடணும். எங்க பொண்ணுக்கு அது பிரச்சனையா இல்ல, ஆனா ரெண்டு பேரு அதனாலயே வேற எடம் மாறிட்டாங்க, அது நியாயமான காரணம் தான், பதினொண்ணு பன்னெண்டு வயசுக்கு மேல பொண்ணுங்களுக்குன்னு தனி செஷன் கண்டிப்பா வேணும்னு நானும் அவர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன். 2025 யூரோக்கு வேல்ஸ் பெண்கள் டீம் முதல் தடவையா போனாங்கல்ல, ஃப்ரான்ஸ் மேட்ச்ல ஜெஸ் ஃபிஷ்லாக் அடிச்ச கோல், பெரிய போட்டில வேல்ஸ் பெண்களோட முதல் கோல், அந்த மேட்ச் 4-1 னு தோத்தாலும் மறுநாள் சனிக்கிழமை மாதிரியே பசங்க எல்லாம் பூட்ஸோட வந்து நின்னாங்க, அது புதன்கிழமை ராத்திரி மேட்ச், வியாழக்கிழமை கிளாஸே கிடையாது, அவர் சாவி வாங்கி பிட்ச திறந்து விட்டார். பையனுங்க நாலு பேரு நான் தான் ஃபிஷ்லாக்னு சண்டை போட்டத கண்ணால பாத்தேன்.

பேரன்ட்ஸுக்கு ரூல் ஒண்ணு இருக்கு, கண்டிப்பான ரூல். வேலிக்கு அந்த பக்கம் தான் நிக்கணும், கை தட்டலாம், ஆட்டத்த சொல்லித் தரக் கூடாது. நம்மாளுங்களுக்கு இது கஷ்டம், எங்க வீட்டுக்காரரே ரெண்டாவது வாரம் "பாஸ் பண்ணு பாஸ் பண்ணு, அடி, அடி"ன்னு கத்திட்டார். கோச் நடந்து வந்து, டாக்டர், நீங்க ஆபரேஷன் பண்ணும்போது ஜன்னல் வழியா நான் கத்துனா எப்படி இருக்கும்னு சிரிச்சுட்டே கேட்டார். அதோட நின்னது.

அவர் பேசற இங்கிலீஷ் ரோண்டா பாணி, ஆரம்பத்துல எனக்கு பாதி புரியல. பசங்கள பட் பட்னு கூப்டுவார், அங்க அது நண்பாங்கற மாதிரி. நல்லா செஞ்சா "டா யவ்ன்", வெல்ஷ்ல சபாஷ். வேகமா அவசரப்பட்டா "அரவ், அரவ்"ம்பார், மெதுவான்னு அர்த்தம், நம்ம ரோட்ல வளைவுக்கு முன்னாடி வெள்ளை பெயின்ட்ல எழுதியிருக்குமே அதே வார்த்தை. இப்ப நான் கார கொஞ்சம் வேகமா திருப்புனா பின் சீட்ல இருந்து அரவ்ம்மான்னு குரல் வருது.

காசு விஷயம். பத்து வாரத்துக்கு 65 பவுண்டு, அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி சேந்தா ரெண்டாவது குழந்தைக்கு பாதி. கிட் எதுவும் வாங்கச் சொல்ல மாட்டார், ஷின் பேட், மோல்டட் ஸ்டட் பூட்ஸ், தண்ணி பாட்டில், அவ்ளோ தான். சின்னதாப் போன பூட்ஸ கொண்டு வந்து போட ஒரு பெட்டி வெச்சிருக்கார், சைஸ் இருந்தா யார் வேணா எடுத்துக்கலாம், எங்க பொண்ணோட பழைய பூட்ஸ் இப்ப ஒரு குட்டிப் பையன் காலுல ஓடுது. டிபிஎஸ் சர்ட்டிஃபிகேட் (குற்றப் பின்னணி இருக்கான்னு பாக்கற செக்), ஃபர்ஸ்ட் எய்ட் ரெண்டையும் முதல் நாளே கேக்காமலே எடுத்து காமிச்சார், எங்க சேத்தாலும் இத கேட்டு பாத்துட்டு தான் சேக்கணும்.

குறையும் இருக்கு. டாய்லெட் ஸ்கூல் பில்டிங்குக்குள்ள, அது சில சனிக்கிழமை பூட்டியே இருக்கும், சின்னக் குழந்தைங்கள வெச்சுட்டு அது பெரிய அவஸ்தை. ஒதுங்க ஒரு கூரை கிடையாது, நல்ல மழை கோட்டும் குடையும் உங்களுக்கு தான் முக்கியம், பசங்களுக்கு ஓடற சூடு போதும். பிட்ச்ல பனி உறைஞ்சு கேன்சல் ஆனா அந்த வாரத்த கடைசில சேத்து தருவார், ஆனா கேன்சல் மெசேஜ் காலைல எட்டரைக்கு தான் வரும், ஒம்போதரை கிளாஸுக்கு அது ரொம்ப லேட், தூரத்துல இருந்து வர்றவங்க பாதி வழிக்கு வந்துருப்பாங்க. கோல் கீப்பிங் ஆசை இருக்கற குழந்தைக்கு இங்க ஒண்ணும் கிடைக்காது. ரொம்ப சீரியஸா, வாரத்துல மூணு நாள், லீக் மேட்ச்னு தேடறவங்களுக்கு இது பத்தாது, அவங்க ஜூனியர் கிளப் ஏதாவதுல சேத்துட்டு கூட இத வெச்சுக்கலாம், நாங்க இப்ப அப்படி தான் பண்றோம், ஞாயித்துக்கிழமை கிளப் மேட்ச், சனிக்கிழமை இவர்.

5க்கு நாலரை. அந்த அரை டாய்லெட்டுக்கும் லேட் மெசேஜுக்கும்.

அடுத்த பேட்ச் ஸ்கூல் திறந்து ரெண்டாவது சனிக்கிழமை. வெயிட்டிங் லிஸ்ட்ல ஒன்பது பேரு இருக்காங்கன்னு போன வாரம் சொன்னார், அதனால சீக்கிரம் சொல்லி வைங்க. முதல் நாள் பத்து நிமிஷம் முன்னாடியே போங்க, ஒரு ஜோடி சாக்ஸ் எக்ஸ்ட்ரா எடுத்துக்கோங்க. நீங்க போற நேரத்துல பிட்ச்ல ரெட்டை ஜடை போட்டுட்டு ஒருத்தி கோன் வெச்சுட்டு இருப்பா, இன்னும் கோணலா தான் வெப்பா, அவ கிட்ட கேளுங்க, கோச் எங்க இருக்கார்னு காட்டுவா.